யாரும் கத்தாத விளையாட்டு

பல் டாக்டர் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?" என்று கேட்டார்.

வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை.

"கடவாப்பல் ரெண்டா விண்டு போயிருக்கு. மேல இருந்து வேர் வரைக்கும் கோடு ஓடுது. கல்லு கில்லு கடிச்சீங்களா?"

அதற்கும் இல்லை.

"வீட்டுல பிரச்சினை? வேலை செய்யற இடத்துல?"

பஞ்சை எடுத்ததும் அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். "நான் கேம் விளையாடுவேன் டாக்டர். கம்ப்யூட்டர்ல. டீமா சேர்ந்து, எதிர்ல இன்னொரு டீம்."

டாக்டர் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஜெயிக்கும்போது கடிப்பீங்களா, தோக்கும்போதா?" என்று கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். "ரெண்டு நேரமும்."

"அப்போ இந்தப் பல் போகுது. மத்ததையாவது காப்பாத்திக்கோங்க," என்றவர், பல்லைப் பிடுங்கித் தையல் போட்டு அனுப்பும்போது கறாராகச் சொன்னார்: "ஒரு வாரத்துக்குக் கத்தக் கூடாது. பேச்சையும் குறைங்க. அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்."

படியிறங்கும்போது அவளுக்கு வந்த சந்தோஷம் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. பாதி முகம் மரத்துக் கிடக்கிறது, கைக்குட்டையில் ரத்தம், ஆனால் கால் என்னவோ துள்ளி நடக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று விடுமுறை விட்டால் இப்படித்தான் இருக்கும்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முன்பக்கம் வாடிக்கையாளர்கள் ஃபிரேம் மாட்டிப் பார்த்து அழகு பார்க்கும் இடம். அவளுடையது பின்னாலிருந்த சின்ன அறை. வட்டமாக வரும் லென்ஸைச் சீவி, ஃபிரேமின் வடிவத்துக்குக் கொண்டுவந்து, கருவிழியின் நடுவும் லென்ஸின் நடுவும் ஒன்றாக நிற்கிற மாதிரி பொருத்த வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டவருக்குத் தலை சுற்றும். பதினொரு வருஷமாக அவள் கையில் பிசகு வந்ததில்லை.

அந்தக் கண்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணி வீட்டை விட்டுப் போனாள். பெரிய சண்டை எதுவும் இல்லை. இனி ஒத்து வராது என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் பஸ் டிரைவர். வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். சாப்பிடக் கூப்பிட்டால் "அப்புறம்" என்பான். வேறு ஊரிலிருந்த அம்மா அவளுக்குப் போன் போட்டு, "அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கோடி," என்று அழுதாள். அண்ணன் படுக்கையை விட்டு எழுந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஐந்து பேர் ஐந்து பேரைச் சுட்டு வீழ்த்தும் அந்த விளையாட்டு. அவள் பார்த்தாள். ஒரு ஹெட்ஃபோன் வாங்கிவந்து, "எனக்கும் சொல்லிக் குடுண்ணா," என்றாள்.

மூன்றே மாதத்தில் அவள் டீமிலேயே குறி தப்பாத ஆளாகிவிட்டாள். அண்ணன் அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்தான். அண்ணன்தான் கேப்டன். மற்ற மூவர் ஒரு மருந்துக்கடைக்காரர், கணக்கு வாத்தியார் ஒருவர், அப்புறம் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக் திட்டுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பார். செவ்வாய், வியாழன் சாயங்காலம், ஞாயிறு காலை. பண்டிகை, பனி, காய்ச்சல் எதற்கும் விலக்கு கிடையாது.

"ஊசி, இடது பக்கம்! இடது! அட, உன் இடது!"

"பின்னால வரான், பின்னால வரான்!"

"போச்சு. போச்சு போ. யாரு அங்க நிக்கச் சொன்னது?"

தோற்றால் ரேங்க் இறங்கும். ஜெயித்தால் ஏறும். ஏறினால் இன்னும் பலமான ஆட்கள் எதிரே வருவார்கள். மற்ற நாலு பேருக்கும் அதில்தான் உயிர். ஊசிக்கோ ஜெயித்தாலும் மகிழ்ச்சி வந்ததில்லை. அப்பாடா, இந்தத் தடவை தோற்கவில்லை என்ற மூச்சு மட்டும் வரும். சனிக்கிழமை மத்தியானமே மறுநாள் ஆட்டத்தை நினைத்து அவள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அவள் கணவர் பேக்கரியில் வேலை பார்ப்பவர். விடியலுக்கு முன்பே அடுப்பு மூட்டப் போக வேண்டும் என்பதால் சாயங்காலம் ஏழு மணிக்கே படுப்பார். நாலு வருஷமாகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தூங்கினார். ஒரு நாளும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. காரணம் அவருக்கும் தெரியும்: மச்சானைப் படுக்கையிலிருந்து எழுப்பிய வைத்தியம் அது.

பல் பிடுங்கிய மறுநாள், கடையின் வரவேற்பு மேசையில் உட்காரும் பெண் அவள் எழுதிக் காட்டிய சீட்டைப் படித்துவிட்டு, "ஒரு வாரம் பேசாம இருக்கணுமா? உங்களுக்குன்னே ஒரு கேம் இருக்குக்கா," என்றாள். "இதுல நீங்க பேச வேண்டியதே இல்ல. சாகவும் மாட்டீங்க."

அந்த விளையாட்டில் ஒரே ஒரு ஆள்தான். பாலங்களைச் சோதிக்கும் ஒரு பெண். ஒரு நதியோரமாகப் பதினேழு பாலங்கள். கையில் சின்னச் சுத்தியல். பாலத்தின் கல்லைத் தட்டி, வரும் சத்தத்தை வைத்து அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று நோட்டில் எழுத வேண்டும். மூன்றாவது பாலத்தைத் தாண்டியதும் ஓர் ஊர் வரும். விளக்குகள் எரிகின்றன, அடுப்பில் பாத்திரம் சூடாக இருக்கிறது, ஆனால் ஒரு மனிதர்கூட இல்லை. அவர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்பதுதான் கதை.

முதல் அரை மணி நேரம் ஊசி சுவரை ஒட்டியே நடந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எட்டிப் பார்த்தாள். மாடி ஜன்னல்களை எல்லாம் துழாவினாள். எங்கிருந்தாவது குண்டு வரும் என்று தோள் இறுகிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சந்திலிருந்து ஆடு ஒன்று வந்தது. அவளைப் பார்த்தது. மேய்ந்துகொண்டே போய்விட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட வாயைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் தெருவின் நடுவில் நடந்தாள்.

ஐந்தாவது பாலத்தில் ஒரு படகுக்காரர் இருந்தார். அவர் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால், வெகுநேரம் கழித்து அவராகவே ஆரம்பிப்பார். அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் ஓடியது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் தப்பு செய்தால் நாலு பேர் தோற்கப் போவதில்லை. படகுக்காரர் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது, தன் தோள்கள் இரண்டும் தாழ்ந்து இயல்பாக இருப்பதை அவள் கவனித்தாள். இவ்வளவு நாள் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் கணவர் பாதித் தூக்கத்தில் கூடத்துக்கு வந்து நின்றார்.

"என்னங்க, தூங்கலையா?" என்றாள், உதடு பிரியாமல்.

"சத்தமே இல்லையே, அதான் முழிப்பு வந்துடுச்சு. வேற வீட்டுல படுத்துட்டோமோன்னு பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு, காதுப் பஞ்சை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

ஒரு வாரம் முடிந்தது. அண்ணன் போன் செய்தான். "என்ன ஊசி, ரெடியா? லீக் மேட்சுக்குப் பேர் குடுத்துட்டேன்."

அவள் வாயைக் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொண்டு, "இன்னும் வீக்கம் வத்தலண்ணா," என்றாள்.

இரண்டாவது வாரம் தையலில் வலி என்றாள். மூன்றாவது வாரம் டாக்டரையே இழுத்தாள். பாவம், அந்த அம்மாள் சொல்லாததையெல்லாம் சொன்னதாகச் சொன்னாள். ஒவ்வொரு பொய்க்கும் பிறகு போனை வைத்துவிட்டு, அண்ணன் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டானோ என்று பயந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமையோடு போதும், அடுத்த வாரம் திரும்பிவிட வேண்டும் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் பதினான்காவது பாலத்துக்கு வந்திருந்தாள். ஊரைக் காலி செய்தவர்கள் விட்டுப் போன கடிதங்களில் ஒன்று படகுக்காரருடைய மகள் எழுதியது. அப்பா வர மாட்டேன் என்கிறார், அவரை விட்டுவிட்டுப் போகிறோம், யாராவது இந்தப் பக்கம் வந்தால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று எழுதியிருந்தது. ஹெட்ஃபோனில் மழைச் சத்தம். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வீட்டுக் கதவு திறந்ததும், கணவர் யாரையோ உள்ளே அழைத்ததும் அவள் காதில் விழவில்லை.

தோளில் கை பட்டதும் துள்ளித் திரும்பினாள். அண்ணன். டிரைவர் சட்டையோடு, கையில் ஐஸ்கிரீம் டப்பாவோடு நின்றிருந்தான்.

"என்ன பாப்பா, அவ்வளவா வலிக்குது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கன்னத்தில் கை வைத்தால்கூடப் போதும். அவன் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

"பல் எப்பவோ சரியாயிடுச்சுண்ணா. ரெண்டு வாரம் ஆச்சு."

அண்ணன் திரையைப் பார்த்தான். மழையில் சுத்தியலோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். "இது என்ன?"

"கேம்தான். கதை. தனியா ஆடறது."

"யாரைச் சுடணும்?"

"யாரையும் சுட வேணாம்."

அவன் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தான். "எங்ககூட ஆடப் பிடிக்கலையா?"

"உன்கூட இருக்கப் பிடிக்கும். ஆடப் பிடிக்கல."

"எப்போல இருந்து?"

"முதல் நாள்ல இருந்து."

சொல்லிவிட்டாள். நாலு வருஷமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது. ஆனால் அண்ணனின் முகம் மாறிக்கொண்டிருந்தது.

"அப்போ எதுக்கு வந்தே? நாலு வருஷம்!"

"நீ அப்போ இருந்த இருப்பு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஓ. எனக்குக் காவலா வந்தியா," என்றான். எழுந்தான். ஐஸ்கிரீம் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, மச்சானிடம் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான். கணவர் டப்பாவை எடுத்து ஃப்ரீசரில் வைத்தார். அன்றைக்கு அதை யாரும் தொடவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். போன் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒருவரின் இடது லென்ஸை வலது பக்கத்துக்குச் சீவிவிட்டாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. கெட்டுப்போன லென்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் ஒரு மணி நேரம் லீவு சொல்லிக்கொண்டு பஸ் டெப்போவுக்குப் போனாள்.

அண்ணன் காலிப் பஸ்ஸின் கடைசி சீட்டில் டிஃபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அதுவே பாதி சமாதானம் மாதிரி இருந்தது.

"கோவமா?" என்றாள்.

"பின்ன? நீ ஆடாததுக்கு இல்ல. நான் என்ன நோயாளியா, ஷிஃப்ட் போட்டுப் பார்த்துக்க?"

"அப்போ அப்படித்தான் இருந்தே."

"இருந்தேன். இல்லைன்னு சொல்லல. ஆனா நான் சரியாகி ரெண்டு வருஷம் ஆச்சு பாப்பா. நீ கேக்கவே இல்ல."

"எங்க கேக்கறது? வாரத்துல மூணு நாள் பேசறோம். 'படிக்கட்டுல ரெண்டு பேரு', 'குண்டு தீர்ந்துபோச்சு'. நாலு வருஷமா வேற என்ன பேசினோம்?"

அண்ணன் அவளைப் பார்த்தான். வாயில் சோறு இருக்கும்போதே சிரிப்பு வந்து, புரையேறி, தண்ணீர் குடித்து ஒரு வழியானான். அவள் முதுகில் தட்டினாள்.

"எனக்கு அது பிடிக்கும் தெரியுமா," என்றான் அப்புறம். "நெஜமாவே பிடிக்கும். நாள் பூரா யாரையும் இடிக்காம, குறுக்க வர்றவனைத் திட்டாம, பல்லைக் காட்டிக்கிட்டு ஓட்டறேன். சாயங்காலமாச்சும் கத்தணும் எனக்கு."

"நான் நாள் பூரா அரை மில்லிமீட்டர் தப்பக்கூடாதுன்னு உட்கார்ந்திருக்கேன். சாயங்காலமும் தப்பக்கூடாதுன்னா எப்படிண்ணா?"

அவன் கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறினான். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. ஒரு பல் மிஞ்சியிருக்கும்."

"நான் வராம இருந்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு பயந்தேன்."

"கஷ்டமாத்தான் இருக்கு. அதெல்லாம் தாங்கற கஷ்டம்தான்." டிஃபன் பாக்ஸை மூடினான். "அப்புறம் உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு. மருந்துக்கடைக்காரர் சம்சாரம். இவர் ஆடறதைப் பின்னால நின்னு பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டாங்களாம். உன்னைவிட நல்லா சுடறாங்க. எங்க எல்லாரையும்விட நல்லா திட்டறாங்க. நம்ம லிஃப்ட் மெக்கானிக் வாயடைச்சு உட்கார்ந்திருக்கான். ஞாயித்துக்கிழமை மூணு மேட்ச், மூணும் ஜெயம்."

ஒரு நொடி அவளுக்குச் சுருக்கென்றது. தன்னைவிட நல்லாவா? மறுநொடியே அந்தச் சுருக்கு கரைந்து, அங்கே வேறொன்று பரவியது. மூணும் ஜெயம். அவள் இல்லாமலே. இனி சனிக்கிழமை மத்தியானங்கள் அவளுடையவை. அவள் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே இரண்டு பேர் பஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது.

"என்னடி, அழறியா?"

"இல்லண்ணா. நல்லா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தான். காலையில் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. "நீ அப்படி என்னதான் பார்த்து அழுதேன்னு காட்டு," என்று சோபாவில் சாய்ந்தான். கணவர் அன்று மீந்த பன்களைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் ஓரமாக உட்கார்ந்தார்.

அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. "இந்த வளைவுல இப்படியா திரும்புவாங்க?" என்றான். அவள் நடந்துதான் போய்க்கொண்டிருந்தாள். "அந்த வீட்டுக்குள்ள எவனாவது இருப்பான், பார்த்துப் போ," என்றான். உள்ளே ஒரு பூனை இருந்தது. "இவ எதுக்குப் பாலத்தைத் தட்டிக்கிட்டே இருக்கா?" என்று கேட்டான். சத்தத்தைக் கேள் என்று அவள் ஒலியைக் கூட்டி வைத்தாள். ஒரு கல் கணீரென்றது. பக்கத்துக் கல் பொத்தென்றது. அதற்குப் பிறகு அண்ணன் ஒவ்வொரு கல்லுக்கும் "நல்லது", "மோசம்" என்று தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

பதினாறாவது பாலத்தில் அந்தக் கட்டம் வந்தது. பாலம் மோசம் என்று எழுதினால் அதை இடித்துவிடுவார்கள். அதன் பிறகு யாரும் நடந்து வர வழியில்லாமல் படகுக்காரர் அக்கரையில் தனியாகிவிடுவார். தாங்கும் என்று எழுதினால் பொய்.

"எவ்வளவு நேரம் குடுத்திருக்கான்?" என்றான் அண்ணன், நிமிர்ந்து உட்கார்ந்து.

"கணக்கே இல்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

"யாரும் அவசரப்படுத்த மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அவன் திரும்பவும் சாய்ந்துகொண்டான். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். தூறலில் அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஆற்றில் இலை ஒன்று மிதந்து போனது. கணவர் தலை தொங்கத் தொடங்கி, மெல்லக் குறட்டை விட்டார்.

"பாப்பா," என்றான் அண்ணன். தொண்டையைச் செருமிக்கொண்டான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "டெப்போவுல டைம் ஆபீஸ்ல ஒருத்தங்க இருக்காங்க. ஆறு மாசமா சேர்ந்துதான் டீ குடிக்கறோம். அம்மாகிட்டக்கூட இன்னும் சொல்லல."

அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த கேம் கன்ட்ரோலரை மட்டும் மெதுவாக மடியில் வைத்தாள்.

"முதல்ல இருந்து சொல்லு," என்றாள்.

"முதல்ல இருந்தா... ஒரு நாள் என் வண்டி நாப்பது நிமிஷம் லேட்டு. கையெழுத்துப் போடப் போனா, ஏன் லேட்டுன்னு கேக்காம, சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க," என்று அண்ணன் ஆரம்பித்தான்.